முப்பத்தேழாம் வாசலின் நிறுத்தம்

வெள்ளூரணி கூட்டுறவுப் பால் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வாரத்தில்தான் நெட்டைத் தெரு ஆட்களை எட்டு வாசலுக்கு ஒரு வாசலில் மட்டும் இறக்கிவிட ஆரம்பித்தது. அந்தத் தெருவுக்கு ஒரே சாரி. தலைமாட்டில் பால் சங்கமும் பஸ் நிற்கிற புளியமரமும், கால்மாட்டில் ரயில்வே கேட், இடையில் வரிசையாக எண்பது வாசல், எதிர்ச்சாரி முழுக்க நூல் மில்லின் மதில். மூன்றாம் வாசல் சொர்ணத்தாய் உறைமோர் வாங்கலாம் என்று கிண்ணத்தோடு ஐந்தாம் வாசலுக்குக் கிளம்பினாள். படியிலிருந்து இறங்கித் தெருவில் கால் வைத்தாள். வைத்த கால் ஒன்பதாம் வாசலில் பதிந்தது. தலை சுற்றவில்லை, காற்று அடிக்கவில்லை, கிண்ணம் கையில்தான் இருந்தது. ஒன்பதாம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, இங்கன?"

"அஞ்சாம் வீட்டுக்குத்தான் கால எடுத்து வச்சேன். ஒம்போதுல கொண்டு விட்டுட்டு. வந்தது வந்தாச்சு, நீயே ரெண்டு கரண்டி உறைமோர் ஊத்து."

"புளிச்சுப் போய்க் கிடக்கு, பரவால்லியா?"

"புளிச்சா புளிக்கட்டும்."

அன்றைக்கு அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருவில் கால் வைத்தவர்கள் எல்லாரும், நடந்தவர்களும் சைக்கிளில் வந்தவர்களும், பால் கேனைத் தலையில் வைத்திருந்தவர்களும் தலையில் ஒன்றும் வைக்காதவர்களும், ஒன்பதில் நின்றார்கள், ஒன்பதிலிருந்து கிளம்பியவர்கள் பதினேழில் நின்றார்கள், பதினேழிலிருந்து இருபத்தைந்து, இருபத்தைந்திலிருந்து முப்பத்து மூன்று என்று எட்டெட்டாகத் தாண்டிப் போய்க் கடைசியில் ரயில்வே கேட்டில் நின்றார்கள். கேட்டிலிருந்து வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வந்தால் மறுபடி சங்கத்து வாசல், மறுபடி ஒன்பது, மறுபடி பதினேழு. மாடுகளும் அப்படித்தான் போயின. காக்கைகள் மட்டும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தன, அவை தெருவில் நடந்து போவதில்லை என்பதால்.

இடையில் இருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதைக் கண்டுபிடித்தவர் தபால்காரர் இன்னாசி. பதினேழாம் வாசல் நாய் அவரைக் கண்டு பல்லைக் காட்டியது. நாயைப் பார்த்தபடியே அவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். நகர நகரப் பதினாறாம் வாசல் வந்தது, பதினைந்து வந்தது, பதினான்கு வந்தது. பதினான்காம் வீட்டுக்கு நான்கு நாளாகக் கொடுக்க முடியாமல் பையில் கிடந்த தபாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்னால போனா தெரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு" என்றார். அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பின்னால் நடந்தது. தன் வீட்டைத் தாண்டிப் போய் இறங்குவது, அங்கிருந்து முதுகை முன்னே விட்டு ஒவ்வொரு வாசலாக நகர்ந்து வருவது. ஒன்றே ஒன்று, திரும்பிப் பார்க்கக் கூடாது. முகத்தைத் திருப்பிவிட்டால் அது பின்னால் போகிற கணக்கில் வராது; அடுத்து வைக்கிற கால் முன்னே தாண்டிப் போய்விடும், முதலிலிருந்து வர வேண்டும்.

திரும்பிப் பார்க்க முடியாதவர்களுக்குக் கண் வேண்டும் அல்லவா? அதனால் வாசலில் இருக்கிறவர்கள் சொல்வது என்று ஒரு வழக்கம் வந்தது. யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை, தானாக வந்தது. முதுகு காட்டி யார் வந்தாலும், பக்கத்து வீடானாலும் பகை வீடானாலும், வாசலில் இருக்கிறவர் செய்கிற வேலையை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்: சாக்கடை இருக்கு, தாண்டு, மாடு படுத்திருக்கு, இடது பக்கம் வா, ஆட்டுக்கல், ஆட்டுக்கல், இடிச்சிக்கிடாத. வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த ஐம்பதாம் வாசலும் ஐம்பத்திரண்டாம் வாசலும் "படி", "கல்லு", "சாணி" என்ற மூன்று வார்த்தைகளில் பேச ஆரம்பித்து அந்த மூன்று வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு மாமியார்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது அடுப்பைப் பற்றி அல்ல, வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வதைப் பற்றித்தான். வாய்க்குள்ளே முனகுகிற மருமகளை நம்பி யார் வீட்டுக்கு வருவார்கள்?

ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. கத்திரிக்காய் வண்டியும் ஐஸ் வண்டியும் நிறுத்த வீடுகளில் மட்டும் நின்றன. நிறுத்த வீட்டுப் பெண்கள் வருகிறவர் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தார்கள். இடைவீட்டுக்காரர்கள் பகலில் நிம்மதியாகத் தூங்கினார்கள். செருப்புகள் குதிகாலில் தேயாமல் முன்பக்கம் தேய்ந்தன. பெண் கேட்டு வருகிற தரகர்கள் நிலம், நகை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நிறுத்த வீடுதான், ஆனா பொண்ணு பொறுமைசாலி" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். பங்குனியில் அம்மன் சப்பரம் வந்தபோது அதுவும் ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து என்றுதான் நின்றது. இடைவீட்டுக்காரர்கள் தேங்காய்ப் பழத்தட்டோடு முன்கூட்டியே நிறுத்த வாசலில் போய் நின்றுகொண்டு, அம்மனிடம் குறையாகச் சொன்னார்களே தவிர, சங்கத்தில் போய் யாரும் கேட்கவில்லை. சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போது எமல்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

எமல்டா பால் சங்கத்தில் தினக்கூலிக்குத் தட்டச்சு பார்த்தவள். கம்ப்யூட்டரை இறக்கிவைக்கப் பட்டணத்திலிருந்து வந்த இஞ்சினியர், பச்சை எழுத்து மின்னுகிற திரையைக் காட்டி, இதன் மூளை ஜில்லா தலைநகரில் இருக்கிறது, இங்கே இருப்பது முகமும் விரலும் மட்டும்தான் என்றார். திரையில் ஒரு வரிக்கு எண்பது கட்டம். ஓரத்தில் டேப் என்று ஒரு சாவி. அதைத் தட்டினால் மின்னுகிற பச்சைக் கட்டி ஒவ்வொரு கட்டமாக நகராமல் எட்டு கட்டம் தாண்டிப் போய் நிற்கும். எமல்டாவுக்கு அது புதிதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மெஷினின் முதுகுப்பக்கம் சீப்புப்பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். வேண்டிய இடத்துப் பல்லைத் தூக்கி வைத்துவிட்டால், ஒரு தட்டில் காகிதம் பிடித்த வண்டி சர்ரென்று ஓடி அங்கே போய் முட்டி நிற்கும். அட்டவணை அடிக்கிறவர்கள் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி விரல் நோகாமல் இருக்க யாரோ செய்து வைத்த வசதி.

"இதுல பல்லு எங்க இருக்கு சார்?" என்று கேட்டாள்.

"பல்லெல்லாம் போச்சும்மா. முன்னால ரோல் பேப்பர்ல கடகடன்னு அடிக்கிற பெரிய மெஷின்கள் இருந்தது, அதுவரைக்கும் இரும்புதான். இதுல ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆமாம் இல்லன்னா ஒரு இல்லை. ஆமாம்னு இருக்கிற இடத்துல நிக்கும். நீ ஒண்ணும் சொல்லலேன்னா எட்டுக்கு ஒரு ஆமாம்."

"எட்டு எதுக்கு?"

"நான் வேலைக்கு வரும்போதே எட்டுதான்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். பிறகு வரவே இல்லை.

கொஞ்ச நாள் எட்டிலேயே அடித்தாள். பால் ஊற்றுகிறவர்களுக்கு வாரம் ஒரு சீட்டு: பெயர், லிட்டர், கொழுப்பு. பெயர்கள் நீளமாகி லிட்டர் மேல் ஏறி விழுந்ததால், ஒருநாள் எட்டுகளையெல்லாம் அழித்துவிட்டுத் தனக்கு வேண்டிய இடங்களில் நிறுத்தம் வைத்தாள். முப்பதில் ஒன்று, ஐம்பத்திரண்டில் ஒன்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஐஸ் வண்டிக்காரன் ஒன்பதைத் தாண்டி, பதினேழைத் தாண்டி, முப்பதாம் வாசலில் போய் நின்று, மணியை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வாசலில் செல்லக்கனி அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு பகலில் கண்ணயர்ந்தாள்.

விஷயம் பரவ ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆனது. மறுநாளிலிருந்து ஆட்கள் சங்கத்து ஜன்னலுக்கு வந்தார்கள். எங்க வீட்டுல பொண்ணுக்குச் சடங்கு, ரெண்டு நாளைக்கு இருபத்தெட்டுல நிறுத்து தாயி. எங்க மாமனாரு தவறிட்டாரு, அறுபத்திரண்டுல நிறுத்தணும், சொந்தக்காரங்க வயசானவங்க, பின்னால நடக்க மாட்டாங்க. எமல்டா யாரையும் இல்லை என்று சொல்லவில்லை. சும்மா வைத்த நிறுத்தத்தைத் தெரு மதிக்காது, அந்தக் கட்டத்தில் ஏதாவது அடிக்க வேண்டும். அதனால் லிட்டரையோ கொழுப்பையோ தள்ளிக் கொண்டுபோய் அறுபத்திரண்டில் அடித்தாள். சாயங்காலம் மெஷினை அணைத்த பிறகும் தெரு அதையே பிடித்துக்கொண்டிருக்கும்; காலையில் போட்டதும் எட்டுக்குத் திரும்பும்; அவள் வந்து உட்கார்ந்து மறுபடி வைப்பாள். பால் சீட்டைக் கையில் வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எண் நிற்கிற இடத்தைப் பார்க்கப் பழகினார்கள்.

"கொழுப்பு அறுபத்திரண்டுக்குப் போயிருக்கே, அங்கன யாருக்கு என்ன?"

"அவனுக்குக் கொழுப்பு எப்பவும் உண்டும்லா வே."

"விளையாடாதிய, தாத்தா போயிட்டாரு போல. மால வாங்கிட்டு வாரும்."

சங்கச் செயலாளர் சண்முகையா பார்த்துவிட்டு, "எண்ணு எங்கன நின்னா என்ன, பால்ல தண்ணி நிக்காம இருந்தாச் சரி" என்றார்.

முப்பத்தேழாம் வாசல் கனகசபாபதி அண்ணாச்சியுடையது. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மொத்த வியாபாரம். பால் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அடுத்த தை மாதம் அவர் மனைவி பூங்கோதையைப் பக்கவாதம் படுக்கையில் போட்டது. பார்க்க வருகிறவர்களுக்காக அவர் கேட்டார், எமல்டா முப்பத்தேழில் நிறுத்தம் வைத்தாள். மாசி போய்ப் பங்குனியும் முடிந்து சித்திரையில், டாக்டர் அவரை வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணாச்சி எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார், ஒரே ஆளைத் தவிர. மகள் உலகநாயகி மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்கு ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். கண்டக்டரின் பெயர் சூசை என்பதும் அவன் தகப்பன் தொழில் இன்னது என்பதும் அண்ணாச்சிக்குப் போதுமானதாக இருந்தது. அவள் இந்தப் படி ஏறினால் நான் இந்தப் படி இறங்கிவிடுவேன் என்று ஊருக்கு நடுவில் நின்று சொன்னார், சொன்னதைச் செய்கிறவர். பூங்கோதைக்குப் பாதி வாய்தான் வேலை செய்தது. அந்தப் பாதி வாயால் அவள் தினமும் கேட்டது ஒரே கேள்வி: "வந்துட்டாளா?"

லாரிக்காரர்கள் வழியாகச் செய்தி தெரிந்து, வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று நாயகி சொல்லி அனுப்பினாள். அந்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அண்ணாச்சி சங்கத்துக்குள் வந்து, எமல்டாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எமல்டா, என் வாசல்ல இருக்க நிறுத்தத்த எடுத்துரு."

"அம்மாவப் பாக்க ஆளு வருதாவளே, அண்ணாச்சி."

"வந்த வரைக்கும் போதும்."

எமல்டா திரையைப் பார்த்துக்கொண்டே, "யாரு வருதான்னு எனக்கும் தெரியும்" என்றாள். "நானும் அவளும் இன்ஸ்டிடியூட்ல ஒரே மெஷின். ஆறிலிருந்து ஏழு அவ, ஏழிலிருந்து எட்டு நான்."

"அப்ப உனக்கு வெளக்கம் சொல்ல வேண்டாம். எடு."

"எடுத்தாலும் நாப்பத்தொண்ணுல ஒரு நிறுத்தம் இருக்கு. அங்க இறங்கிப் பின்னால நாலு வாசல் நடந்தா வந்துருவா."

"வர மாட்டா. முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, மூணு வாசல்லயும் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு முதுகு காட்டி யாரு வந்தாலும் ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு. சாக்கடை அங்கதான் தெரு நடுவுல குறுக்க ஓடுது, கல்லு பேந்து கிடக்கு. எவளாலயும் சும்மா வந்துர முடியாது."

எமல்டா முதல் முறையாக நாற்காலியில் திரும்பினாள். "வாயத் திறக்கக் கூடாதுன்னா சொன்னிய? சரின்னுட்டாவளா?"

"எனக்கு மாட்டுத்தீவனக் கடன் இல்லாத வீடு அந்தத் தெருவுல ஏது?"

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. இன்ஸ்டிடியூட்டில் அந்த மெஷினில் ஒற்றைப் பல்லை இறக்குகிற சாவிக்கு ஸ்பிரிங் போய்விட்டிருந்தது. அதனால் ஒரு நிறுத்தம் வேண்டாம் என்றாலும் மொத்தத்தையும் வழித்து இறக்கிவிட்டு, வேண்டியதை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். ஏழு வருஷமாக அந்த மெஷினில் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இந்தப் புது மெஷினில் ஒன்றை மட்டும் எடுக்க வழி உண்டா என்று அவள் யாரையும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. மொத்தத்தையும் வழித்தாள். வரி முழுக்க எண்பது கட்டமும் வெறிச்சென்று கிடந்தது.

"ஆச்சா?" என்றார் அண்ணாச்சி.

"எடுத்தாச்சு. இனிதான் மத்ததை..."

புளியமரத்தடியில் பஸ் ஹாரன் கேட்டது. நாலு மணி பஸ் அன்றைக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. மகள் வருவதற்கு முன்னால் வீட்டு வாசலில் போய் நின்றுவிட வேண்டும் என்று அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, இருங்க, இருங்க! இன்னும் ஒண்ணுமே வைக்கல!"

அவர் படி இறங்கித் தெருவில் கால் வைத்தார். ஜன்னல் வழியாக எமல்டா பார்த்தாள். அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. பஸ்ஸிலிருந்து நாயகி இறங்கினாள், கையில் ஒரு பை, மெலிந்திருந்தாள், கொஞ்ச நேரம் புளியமரத்தடியிலேயே நின்று முந்தானையைச் சரி செய்தாள், தெருவில் கால் வைத்தாள், அவளும் இல்லை. வாழைப்பழ வண்டிக்காரன், பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பெண்பிள்ளைகள், இன்னாசி, ஒரு சினை மாடு என்று நிறுத்தத்தில் நின்றவர்களும் தெருவில் கால் எடுத்து வைத்தவர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போக, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நெட்டைத் தெரு கழுவிவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. நிற்க இடமில்லாத தெருவில் கால் வைக்கிறவர்கள் எல்லாரும் தெரு முடிகிற இடத்தில்தான் நிற்பார்கள்.

எமல்டா விரலைச் சாவிமேல் கொண்டுபோனாள். இப்போது வைத்துவிட்டால் அண்ணாச்சி வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வந்து நாற்பத்தொன்றில் இறங்கி, மகளுக்கு முன்னால் வீட்டு வாசலை மறித்து நின்றுகொள்வார். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, தெருவே காலியாக் கிடக்கு?" என்றார் சண்முகையா உள்ளிருந்து.

"கரண்ட் ஏறி இறங்குது சார். கொஞ்சம் கழிச்சு வைக்கேன்."

ரயில்வே கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கேட் அடைத்திருந்தது, கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னாசி தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சங்கத்துல வழிச்சுத் துடைச்சிட்டாவ போல" என்றார். "சுத்திப் போயும் புண்ணியமில்ல, மறுபடி இங்கதான் கொண்டு விடும். முதுகக் காட்டி நடக்க வேண்டியதுதான்."

"எண்பதுலருந்தா? எங்க வீடு பதினொண்ணு!"

"அப்ப சீக்கிரம் கிளம்பு."

இரண்டிரண்டு பேராகப் பின்னால் நகர ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள், வண்டிக்காரன் இன்னாசியோடு போனான், மாட்டைச் சொந்தக்காரன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கடைசியில் கேட்டருகே இரண்டே பேர் மிஞ்சினார்கள். அண்ணாச்சி கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயகி பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி போய் முடிந்து, கேட் திறந்து, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும், அவர் ஒரு கால் பின்னால் வைத்தார். அவளும் வைத்தாள். முகம் இரண்டும் மேற்கே, தண்டவாளத்தைப் பார்த்து. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் அந்த நடையில் இல்லை.

வாசல்கள் சொல்லத் தொடங்கின. எண்பதில் சொன்னார்கள், எழுபத்தெட்டில் சொன்னார்கள். "அண்ணாச்சி, இடது பக்கம் ஆட்டுக்கல்லு." "மணல் கொட்டிக் கிடக்கு, காலத் தூக்கி வைங்க." "ஆரு பக்கத்துல? ஏட்டி நாயகியா! என்னட்டி இப்பிடி மெலிஞ்சுட்ட, ஒம் புருஷன் டிக்கெட்ட மட்டுந்தான் கிழிக்கானா, சோறு போட மாட்டானா? பள்ளம் வருது, பள்ளம்!" நாயகிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அண்ணாச்சி தனக்குச் சொன்னதற்கு மட்டும் காலைத் தூக்கினார். அறுபதுகள் போயின, ஐம்பதுகள் போயின, வரப்புத் தகராறுக்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு "கல்லு" சொன்னார்கள். ஒவ்வொரு வாசலும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் வந்து, கண்ணுக்கு முன்னால் போயிற்று.

நாற்பத்தொன்று கண்ணுக்கு முன்னால் போனதும் சத்தம் நின்றுவிட்டது.

நாற்பதாம் வாசலில் ஒரு கிழவர் பீடியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்பதில் கணவனும் மனைவியும் நின்றார்கள், முப்பத்தெட்டில் பேச்சி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சியின் உதடு துடித்தது, அவள் புருஷன் அவள் தோளைப் பிடித்தான். அண்ணாச்சி ஒரு காலைப் பின்னால் கொண்டுபோனார், வைக்கவில்லை, திரும்ப எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார். ஒரு வார்த்தை போதும்: சொல்லுங்க வே. அந்த வார்த்தை வரவில்லை. அந்த மனுஷன் எதையும் திருப்பி வாங்கிப் பழக்கமில்லாதவர். முதுகுக்குப் பின்னால் எங்கேயோ சாக்கடை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாயகி பையை இடது கைக்கு மாற்றினாள். அவரைவிட ஒரு எட்டு பின்னால் போனாள். அடுத்த எட்டு வைத்தபோது கால் சளக்கென்று முட்டு வரைக்கும் சாக்கடைக்குள் இறங்கியது.

"அப்பா, சாக்கடை" என்றாள். "ஒரு முழ அகலம். எட்டி வைங்க."

அவர் நின்றார். பிறகு எட்டி வைத்தார். கால் மறுகரையில் பதிந்தது.

"கல்லு பேந்து கிடக்கு. வலது பக்கம் வாங்க." அவள் கட்டைவிரலில் அது முதலில் இடித்திருந்தது.

வலது பக்கம் வந்தார்.

"இன்னொரு கல்லு. சின்னது."

அவளுடைய கால்தான் தெருவைத் தடவித் தடவிப் போயிற்று. அது மிதித்ததை அவள் சொன்னாள், சொன்னதை அவர் தாண்டினார். முப்பத்தொன்பது போயிற்று. முப்பத்தெட்டு போயிற்று. இடுப்புப் பிள்ளை அழ ஆரம்பித்ததைப் பேச்சி நிறுத்தவில்லை. நாயகியின் குதிகால் படியில் முட்டியது.

"வீடு வந்துருச்சுப்பா" என்றாள். "நில்லுங்க."

அவர் நின்றார். வீட்டுக்குள்ளிருந்து, ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலிலிருந்து, பாதி வாயால் யாரோ ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. தெருவுக்கு அது புரியவில்லை, இவர்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அண்ணாச்சி மேற்கே பார்த்தபடியே நின்றார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. மகள் படி ஏறினால் தான் இறங்குவேன் என்று சொன்னவர், இறங்கித்தான் நிற்கிறார்.

"காலக் கழுவிட்டு உள்ள போ" என்றார், திரும்பாமல். "சாக்கடய மிதிச்ச காலோட கட்டிலுகிட்டப் போகாத. தொட்டி பக்கத்துலயே செம்பு இருக்கு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு செம்பு, இன்னொரு செம்பு. பிறகு ஈரக் கால் படியேறி உள்ளே போகிற சத்தம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி இன்னும் தெருவில்தான் நின்றார், முதுகுக்குப் பின்னால் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு. முப்பத்தெட்டில் பேச்சி தன் தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டாள்.

"அண்ணாச்சி, பின்னால படி இருக்கு" என்றாள். "ரெண்டு படி."

"என் வீட்டுப் படி எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சாலும் நாங்க சொல்லணும்லா" என்றார் பீடிக் கிழவர், நாற்பதாம் வாசலிலிருந்து.

அண்ணாச்சி ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். மூன்று வாசலும் சேர்ந்து சொன்னது: "இன்னும் ஒண்ணு."